மண்தடத்தில் முதற்பயணம்

மழை ஓய்ந்த பிறகு செம்மண் பாதையில் நடந்து பார்த்தவர்களுக்கு அதன் குணம் தெரியும். ஓரிடத்தில் கால் வழுக்கும்; அடுத்த அடியில் புதையும்; அதற்கடுத்த அடியில் கூழாங்கல் உருளும். தார்ச்சாலையைப் போல அது எங்கும் ஒரே சீராக இருப்பதில்லை. இத்தகைய நிலத்தில் மோட்டார் சைக்கிளைச் செலுத்துவது தனித்திறன். அத்திறனை அடிப்படையாகக் கொண்டு வளர்ந்ததே மண்தட மோட்டார் சைக்கிளோட்டம் என்னும் விளையாட்டு.

மலேசியத் தமிழர்களுக்கு மண்பாதை புதியதன்று. இரப்பர்த் தோட்டங்களிலும் செம்பனைத் தோட்டங்களிலும் வாழ்ந்தோர் பலர், ‘கப்சாய்’ எனப்படும் சிறிய மோட்டார் சைக்கிளில் செம்மண் சாலைகளைக் கடந்துதான் வேலைக்குச் சென்று வந்தனர். அவர்களுக்கு அது பிழைப்பின் ஒரு பகுதி. இன்றைய இளையோர் சிலருக்கு அதே மண்பாதை விளையாட்டுக் களமாகிறது.

இளமைப் பருவத்தில் வேகத்தின்மீது நாட்டம் ஏற்படுவது இயல்பு. ஆனால், அந்த நாட்டத்தைப் பொதுச் சாலையில் காட்டுவோர் தங்கள் உயிரையும் பிறர் உயிரையும் பணயம் வைக்கின்றனர். நம் நாட்டில் சாலை விபத்துகளில் உயிரிழப்போரில் பாதிக்கும் மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்களே. மண்தட ஓட்டம் அந்த நாட்டத்திற்கு வேறொரு வழியைக் காட்டுகிறது. எனினும், முறையாகத் தொடங்காவிட்டால் அதுவும் ஆபத்தில்தான் முடியும். இவ்விளையாட்டில் முதலில் கற்க வேண்டியது வேகம் அன்று, நிதானம். அது ஏன், அதை எப்படிக் கற்பது என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

விளையாட்டு பிறந்த கதை

இவ்விளையாட்டின் தாயகம் பிரிட்டன். 1924ஆம் ஆண்டு இங்கிலாந்தின் கேம்பர்லி என்னுமிடத்தில், கரடுமுரடான நிலத்தில் மோட்டார் சைக்கிள் போட்டி ஒன்று நடத்தப்பட்டது. அதற்குமுன் இத்தகைய போட்டிகளில் வண்டியை ஓட்டும் நுணுக்கத்திற்கும் புள்ளிகள் வழங்கப்பட்டன. கேம்பர்லியில் நேரம் மட்டுமே கணக்கிடப்பட்டது. இவ்வகைப் போட்டி ‘ஸ்கிராம்பிள்’ என்று பெயர் பெற்றது. முண்டியடித்துக்கொண்டு விரைதல் என்பது இச்சொல்லின் பொருள். நம் நாட்டில் மண்தட மோட்டார் சைக்கிளைப் பலரும் ‘ஸ்கிராம்ளர்’ என்று அழைப்பதற்கு இச்சொல்லே வேர்.

பின்னர் இவ்விளையாட்டு ஐரோப்பாவின் பிற நாடுகளுக்கும் பரவியது. மோட்டார் சைக்கிளைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லும் காடுமேடு கடந்து ஓடுதலைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும் இணைந்து ‘மோட்டோகிராஸ்’ என்னும் பெயர் உருவானது. 1957ஆம் ஆண்டு முதல் இதற்கு உலக வெற்றியாளர் போட்டி நடத்தப்படுகிறது. நம் அண்டை நாடுகளான தாய்லாந்தும் இந்தோனேசியாவும் அப்போட்டியின் சுற்றுகளை ஏற்று நடத்தியுள்ளன. 2017ஆம் ஆண்டு இந்தோனேசியாவின் பங்கா தீவிலுள்ள பங்கால் பினாங் நகரில் ஒரு சுற்று நடைபெற்றது.

மண்தட ஓட்டத்தில் பல பிரிவுகள் உள்ளன. மேடுகளும் தாவுதளங்களும் கொண்ட மூடிய தடத்தில் நடப்பது மோட்டோகிராஸ். காட்டுப் பாதை, ஆறு, மலைச்சரிவு ஆகியவற்றைக் கடந்து நெடுந்தூரம் செல்வது எண்டூரோ. பாறைகளையும் மரக்கட்டைகளையும் கால் ஊன்றாமல் மெதுவாகக் கடப்பது டிரயல். டிரயலில் வேகத்திற்கு மதிப்பில்லை, சமநிலைக்கே மதிப்பு. புதிதாகத் தொடங்குபவர் இம்மூன்றுக்கும் பொதுவான அடிப்படைத் திறன்களைக் கற்ற பின்னரே தமக்குரிய பிரிவைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

மண்ணுக்கென உருவான வண்டி

மண்தட மோட்டார் சைக்கிளைச் சாலை மோட்டார் சைக்கிளோடு ஒப்பிட்டால் வேறுபாடுகள் எளிதில் புலப்படும். முதலாவது, அதன் டயர். சாலை டயரில் மெல்லிய கோடுகள் இருக்கும். மண்தட டயரில் தடித்த இரப்பர்க் கட்டைகள் துருத்திக்கொண்டிருக்கும். அவை மண்ணைக் கவ்விப் பிடித்து வண்டியை முன்னோக்கித் தள்ளுகின்றன. பெரிய மண்தட வண்டிகளில் முன்சக்கரம் 21 அங்குல அளவிலும் பின்சக்கரம் 18 அல்லது 19 அங்குல அளவிலும் இருக்கும். முன்சக்கரம் பெரிதாக இருப்பதால் குழிகளையும் வேர்களையும் எளிதில் ஏறிக் கடக்கிறது.

இரண்டாவது, அதிர்வுதாங்கி. முழு அளவுள்ள மோட்டோகிராஸ் வண்டியின் அதிர்வுதாங்கி ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் வரை அமுங்கி எழக்கூடியது. சாலையில் ஓடும் சிறு வண்டிகளில் இந்த அளவு இதில் பாதிகூட இருப்பதில்லை. மேட்டிலிருந்து தாவி இறங்கும்போது ஓட்டுநரின் முதுகெலும்புக்கு அதிர்ச்சி செல்லாமல் தடுப்பதில் இதற்குப் பெரும் பங்குண்டு.

மூன்றாவது, வண்டியில் இல்லாத பொருள்கள். போட்டிக்கென உருவாக்கப்பட்ட வண்டியில் முகப்பு விளக்கு, திசைகாட்டி விளக்கு, கண்ணாடி, பதிவு எண் தகடு ஆகியவை இருப்பதில்லை. ஆகவே, அதைப் பொதுச் சாலையில் ஓட்டுவது சட்டப்படி குற்றம். வீட்டிலிருந்து பயிற்சித் தடத்திற்கு அதைச் சிறு லாரியில் ஏற்றியே கொண்டு செல்ல வேண்டும். விளக்கும் கண்ணாடியும் எண் தகடும் பொருத்தப்பட்டு, சாலையிலும் மண்பாதையிலும் செல்லத்தக்க இருபயன் வண்டிகளும் விற்பனையில் உள்ளன. அவற்றை முறைப்படி பதிவு செய்து, சாலை வரியும் காப்புறுதியும் செலுத்திய பின்னரே சாலையில் ஓட்டலாம்.

உடலுக்கு ஏற்ற வண்டி

தொடக்கநிலையினர் பலர் பெரிய வண்டியையே விரும்புவர். “சிறிய வண்டி சீக்கிரம் சலித்துவிடும், பெரியதாகவே வாங்கிவிடலாம்” என்று நண்பர்களும் தூண்டுவர். இந்த எண்ணமே பல காயங்களுக்குக் காரணமாகிறது. நான்கு வீச்சு இயந்திரம் பொருத்திய 250 சிசி போட்டி வண்டி ஏறத்தாழ 100 கிலோகிராம் எடையுள்ளது. அதன் இருக்கை தரையிலிருந்து 95 சென்டிமீட்டருக்கும் மேலான உயரத்தில் இருக்கும். தரையில் கால் எட்டாதவர், சரியத் தொடங்கும் வண்டியைத் தாங்கி நிறுத்த முடியாது.

வண்டியைத் தேர்ந்தெடுக்கும்போது மூன்று சோதனைகளைச் செய்து பார்க்கலாம். இருக்கையில் அமர்ந்தால் இரு பாதங்களின் முன்பகுதியாவது தரையில் ஊன்ற வேண்டும். வண்டியைத் தனியாகத் தள்ளிக்கொண்டு வளைத்துத் திருப்ப முடிய வேண்டும். கீழே கிடக்கும் வண்டியைத் தாமாகவே தூக்கி நிறுத்த முடிய வேண்டும். இம்மூன்றில் ஒன்று முடியாவிட்டாலும் அந்த வண்டி இப்போதைக்கு உங்களுக்கு உரியதன்று.

இயந்திரத்தின் வகையையும் கவனிக்க வேண்டும். இரண்டு வீச்சு இயந்திரம் எடை குறைந்தது. ஆனால் குறிப்பிட்ட சுழற்சி வேகத்தை எட்டியதும் அதன் ஆற்றல் திடீரெனப் பாயும். கைப்பழக்கம் இல்லாதவரின் பிடியிலிருந்து வண்டி நழுவிவிடும். நான்கு வீச்சு இயந்திரத்தின் ஆற்றல் படிப்படியாகப் பெருகும். எனவே, புதியவர்களுக்கு நான்கு வீச்சு இயந்திரமே பொருத்தமானது. சிறுவர்களுக்கு 50 சிசி, வளரும் பிள்ளைகளுக்கு 110 சிசி, உயரமான பதின்ம வயதினருக்கு 125 அல்லது 150 சிசி வண்டிகள் தொடங்குவதற்குப் போதும். 110 சிசி பயிற்சி வண்டிகள் சிலவற்றில், கப்சாயில் உள்ளதைப் போலவே, கிளட்ச் பிடி இல்லாமல் காலால் மட்டுமே கியர் மாற்றலாம். இதனால் கற்பவரின் கவனம் சமநிலையில் நிலைக்கிறது.

தலை முதல் கால் வரை கவசம்

மண்தட ஓட்டத்தில் விழாதவர் எவருமில்லை. உலக வெற்றியாளர்களும் விழுகின்றனர். விழும்போது காயத்தைக் குறைப்பவை பாதுகாப்புக் கவசங்களே. ஆகவே, வண்டிக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பகுதியைக் கவசங்களுக்கு முதலிலேயே எடுத்து வைத்துவிட வேண்டும். பணம் போதவில்லை என்றால் விலை குறைந்த வண்டியை வாங்கலாமே தவிர, தலைக்கவசத்தில் சிக்கனம் பார்க்கக் கூடாது.

மண்தடத் தலைக்கவசத்தின் தாடைப்பகுதி முன்னோக்கி நீண்டிருக்கும். களைத்து மூச்சு வாங்கும்போது காற்று தாராளமாக உட்செல்ல இது உதவுகிறது. நெற்றிக்கு மேலுள்ள தகடு வெயிலையும் முன்னே செல்லும் வண்டி வாரியிறைக்கும் மண்ணையும் தடுக்கிறது. சிரிம் சான்று பெற்ற கவசத்தையே வாங்க வேண்டும். அது தலையில் இறுக்கமாகப் பொருந்த வேண்டும். தலையை அசைத்தால் கவசம் தனியே ஆடக் கூடாது. ஒருமுறை பலமாக அடிபட்ட தலைக்கவசத்தை மீண்டும் பயன்படுத்தக் கூடாது. அதிர்ச்சியை உள்வாங்கும் உட்பகுதி நசுங்கியிருப்பது வெளியே தெரியாது.

கண்களுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, கைகளுக்குக் கையுறை, மார்புக்கும் முதுகுக்கும் காப்புத்தட்டு, முழங்கைக்கும் முழங்காலுக்கும் காப்புறை ஆகியவை தேவை. காலணியை மட்டும் பலர் அலட்சியமாகக் கருதுகின்றனர். மண்தடக் காலணி முழங்காலுக்குக் கீழ்வரை உயர்ந்து, கெட்டியான அடித்தளத்துடன் இருக்கும். பாறையில் மோதும்போதும் வண்டி காலின்மீது விழும்போதும் கணுக்காலைக் காப்பது அதுவே. பள்ளிக்கு அணியும் காலணியோ மிதியடியோ அதற்கு ஈடாகாது.

எங்கே ஓட்டலாம்?

வண்டியும் கவசமும் தயாராகிவிட்டால் மண் உள்ள இடமெல்லாம் களம் ஆகிவிடுமா? ஆகாது. ஒவ்வொரு நிலத்திற்கும் உரிமையாளர் உண்டு. செம்பனைத் தோட்டத்தின் மண்பாதை தோட்ட நிர்வாகத்துக்கோ சிறு நில உரிமையாளருக்கோ சொந்தமானது. பழக்குலை ஏற்றிவரும் டிராக்டர் எந்த வளைவிலும் எதிர்ப்படலாம். நிலையான காப்புக்காடுகளுக்குள் நுழைய மாநில வனத்துறையின் அனுமதி வேண்டும். அனுமதியின்றி நுழைவது குற்றம்.

புதியவர்களுக்கு ஏற்ற இடம் மூடிய பயிற்சித் தடமே. அங்கு எல்லா வண்டிகளும் ஒரே திசையில் செல்லும். பாதசாரிகளோ கார்களோ குறுக்கிட மாட்டார்கள். பயிற்றுநரும் முதலுதவி வசதியும் அருகில் இருக்கும் தடத்தைத் தேர்ந்தெடுப்பது நல்லது. பதினெட்டு வயது நிரம்பாதவர்கள் பெற்றோரின் ஒப்புதலோடும் மேற்பார்வையோடும் மட்டுமே பயிற்சியில் ஈடுபட வேண்டும்.

பொதுச் சாலையில் ஓட்ட விரும்புவோருக்கு உரிமம் கட்டாயம். மலேசியாவில் 16 வயது நிரம்பியவர்கள் 250 சிசி வரையிலான மோட்டார் சைக்கிளை ஓட்டுவதற்குரிய ‘பி2’ உரிமத்திற்கு விண்ணப்பிக்கலாம். பயிற்சித் தடத்தில் எவ்வளவு திறமை பெற்றிருந்தாலும் உரிமமின்றிச் சாலையில் வண்டியைத் தொடக் கூடாது. தடத்தில் பழகிய தாவல்களையும் சறுக்கல்களையும் சாலையில் செய்து காட்டுவது விளையாட்டு ஆகாது, அது சட்டமீறல்.

புறப்படும் முன்

ஒவ்வொரு முறையும் வண்டியில் ஏறுவதற்குமுன் ஐந்து நிமிடம் சோதனைக்கு ஒதுக்க வேண்டும். டயரின் காற்றழுத்தம் சரியாக உள்ளதா? மண்ணில் பிடிமானம் கிடைப்பதற்காகச் சாலை டயரைவிடக் குறைந்த அழுத்தமே வைக்கப்படும். பெரும்பாலும் 12 முதல் 15 பிஎஸ்ஐ வரை இருக்கும். சங்கிலி மிகவும் தொய்ந்தோ இறுகியோ இருக்கிறதா? முன், பின் பிரேக்குகள் பிடிக்கின்றனவா? திருகாணிகள் தளர்ந்துள்ளனவா?

மிக முக்கியமானது முடுக்கியைச் சோதிப்பது. வலக்கைப் பிடியை முறுக்கி விட்டால் அது தானாகவே சட்டெனப் பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும். திரும்பாமல் சிக்கிக்கொள்ளும் முடுக்கி, வண்டியைக் கட்டுப்பாடின்றி ஓடச் செய்துவிடும். இயந்திரத்தை உடனே நிறுத்தும் பொத்தான் வேலை செய்கிறதா என்பதையும் பார்த்துவிட வேண்டும்.

வானத்தையும் பார்க்க வேண்டும். நம் நாட்டில் பல நாள்களில் பிற்பகலில் இடியுடன் கூடிய மழை பெய்யும். திறந்த வெளியில் மின்னல் ஆபத்தானது. எனவே, காலை வேளையே பயிற்சிக்குச் சிறந்தது. கனமான கவசங்களை அணிந்து வெயிலில் ஓட்டும்போது உடல் விரைவில் நீரை இழக்கும். தாகம் எடுப்பதற்கு முன்பே சிறிது சிறிதாகத் தண்ணீர் பருக வேண்டும்.

முதல் நாள் பாடங்கள்

பதறாத காரியம் சிதறாது என்பது நம் பழமொழி. மண்தடப் பயிற்சிக்கு இதைவிடப் பொருத்தமான அறிவுரை வேறில்லை. முதல் பாடத்தை இயந்திரத்தை இயக்காமலே தொடங்கலாம். வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்து, அதன் எடை எப்போது எந்தப் பக்கம் சாய்கிறது என்பதை உணர வேண்டும். தள்ளியபடியே முன்பிரேக்கை மெல்லப் பிடித்து, வண்டி எப்படி நிற்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும்.

அடுத்து, கைகளுக்கும் கால்களுக்கும் உரிய வேலைகளை மனத்தில் பதிக்க வேண்டும். வலக்கை முடுக்கியையும் முன்பிரேக்கையும் இயக்குகிறது. இடக்கை கிளட்சைப் பிடிக்கிறது. வலக்கால் பின்பிரேக்கை மிதிக்கிறது. இடக்கால் கியரை மாற்றுகிறது. கிளட்ச் உள்ள வண்டிகளில் பெரும்பாலும் முதல் கியருக்குக் கீழ்நோக்கி அழுத்த வேண்டும். மற்ற கியர்களுக்கு மேல்நோக்கித் தூக்க வேண்டும்.

கிளட்ச் பிடியை மெதுவாக விடும்போது ஒரு கட்டத்தில் வண்டி முன்னோக்கி நகர முனையும். இயந்திரத்தின் ஆற்றல் சக்கரத்தை அடையத் தொடங்கும் புள்ளி அது. அந்தப் புள்ளியைக் கை அடையாளம் காணும்வரை, புறப்படுவதும் நிற்பதுமாகத் திரும்பத் திரும்பப் பழக வேண்டும். கிளட்சை ஒரேயடியாக விட்டால் இயந்திரம் நின்றுவிடும். அல்லது வண்டி துள்ளிப் பாயும். இருபது முறை புறப்பட்டு இருபது முறை நிறுத்துவது சலிப்பூட்டும் பயிற்சிபோல் தோன்றலாம். ஆனால், செங்குத்தான மேட்டில் வண்டி நின்றுவிடும்போது ஓட்டுநரைக் காப்பாற்றுவது இந்தப் பழக்கமே.

பிரேக் பயிற்சி அடுத்த படி. வண்டி வேகத்தைக் குறைக்கும்போது எடை முன்சக்கரத்தின்மீது சாய்வதால், நிறுத்தும் ஆற்றலின் பெரும்பகுதி முன்பிரேக்கிலிருந்தே கிடைக்கிறது. அதே வேளையில், வழுக்கும் மண்ணில் முன்பிரேக்கை அழுத்திப் பிடித்தால் முன்சக்கரம் சுழலாமல் பூட்டிக்கொள்ளும். வண்டி அந்தக் கணமே சாய்ந்துவிடும். பின்சக்கரம் பூட்டிக்கொண்டால் வண்டி சறுக்குமே தவிர, பெரும்பாலும் சமாளித்துவிடலாம். ஆகவே, முன்பிரேக்கை ஒன்று அல்லது இரண்டு விரல்களால் மென்மையாகவும் பின்பிரேக்கை அதனுடன் சேர்த்தும் பயன்படுத்தப் பழக வேண்டும்.

இவற்றைக் கற்ற பிறகு, சமதளத்தில் கூம்புகளை வைத்து எட்டு வடிவத்தில் ஓட்டிப் பழகலாம். மனிதர் நடக்கும் வேகத்தில் கால் ஊன்றாமல் எட்டுப் போடுவது, நேர்கோட்டில் வேகமாகச் செல்வதைவிடக் கடினமானது. வேகமாகச் செல்லும்போது சுழலும் சக்கரங்களே வண்டி நிமிர்ந்து நிற்கத் துணைபுரிகின்றன. மெதுவாகச் செல்லும்போது அந்தத் துணை குறைகிறது. ஓட்டுநரின் திறனே வண்டியைத் தாங்குகிறது. ஒருவரின் உண்மையான தேர்ச்சியை மெதுவான ஓட்டத்தில்தான் காண முடியும்.

நின்றுகொண்டே ஓட்டுதல்

மண்தட ஓட்டுநர்கள் பெரும்பாலும் நின்றுகொண்டே ஓட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். அது அழகுக்காகச் செய்வதன்று. இருக்கையில் அமர்ந்திருந்தால் ஒவ்வொரு குழியின் அதிர்ச்சியும் நேராக உடலைத் தாக்கும். நின்றால் முழங்கால்களும் இடுப்பும் அந்த அதிர்ச்சியைத் தாங்கிக்கொள்ளும். வண்டி கீழே இடமும் வலமுமாக ஆடினாலும் உடல் நிலையாக இருக்கும்.

நிற்கும்போது பாதங்கள் கால்தாங்கியின்மீது உறுதியாகப் பதிய வேண்டும். முழங்கால்கள் சற்று மடங்கி, வண்டியை இருபுறமும் அணைத்துப் பிடிக்க வேண்டும். முழங்கைகள் வெளிப்புறமாக உயர்ந்திருக்க வேண்டும். உடல் முன்னோக்கிச் சற்றே வளைய வேண்டும். பிடிகளை இறுக்கிப் பிடிக்கக் கூடாது. அச்சத்தால் இறுகப் பிடிப்பவர்களின் முன்கைத் தசைகள் சிறிது நேரத்தில் கல்லாக இறுகி, பிரேக்கைப் பிடிக்கக்கூட விரல்கள் மறுத்துவிடும். வண்டியைத் தாங்குவது கால்களின் வேலை. வழிகாட்டுவது மட்டுமே கைகளின் வேலை.

பார்வை எங்கே செல்கிறதோ அங்கேயே வண்டியும் செல்லும். முன்சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருப்பவர் அடுத்து வரும் குழியைக் காணமாட்டார். “அந்தக் கல்லில் மோதிவிடுவேனோ” என்று கல்லையே பார்ப்பவர் பெரும்பாலும் அதில்தான் மோதுவார். எனவே, தவிர்க்க வேண்டிய பொருளைப் பார்க்காமல், செல்ல வேண்டிய வழியைப் பல மீட்டர் முன்னதாகவே பார்த்துப் பழக வேண்டும்.

நிலத்திற்கேற்ற ஓட்டம்

வளைவை நெருங்கும்போது, வளைவுக்குள் நுழைவதற்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும். பிறகு இருக்கையின் முன்பகுதியில் அமர்ந்து, வண்டியை உட்புறமாகச் சாய்த்து, உட்புறக் காலை முன்னோக்கி நீட்ட வேண்டும். உடலின் எடையை வெளிப்புறக் கால்தாங்கியில் அழுத்தினால் டயர் மண்ணை நன்கு கவ்வும்.

மேட்டில் ஏறும்போது உடலை முன்னோக்கிச் சாய்க்க வேண்டும். இல்லையெனில் முன்சக்கரம் மேலெழும்பிவிடும். ஏறத் தொடங்குவதற்கு முன்பே குறைந்த கியருக்கு மாறி, முடுக்கியை ஒரே சீராகப் பிடிக்க வேண்டும். இறக்கத்தில் இதற்கு நேர்மாறாக உடலைப் பின்னோக்கித் தள்ளி, முதல் கியரில் இயந்திரத்தின் இழுவையையே பிரேக்காகப் பயன்படுத்தலாம். இறக்கத்தில் கிளட்சைப் பிடித்துக்கொண்டால் அந்த இழுவை அறுபட்டு, வண்டி தன்போக்கில் உருளத் தொடங்கும்.

மணலில் முடுக்கியைத் திடீரெனக் குறைத்தால் முன்சக்கரம் புதைந்துவிடும். உடல் எடையைச் சற்றுப் பின்னால் வைத்து, சீராக முன்னேறுவதே முறை. மழைக்குப் பிந்தைய செம்மண் டயரின் இடுக்குகளை அடைத்துக்கொள்ளும், பிடிமானம் போய்விடும். சேற்றில் திடீர்த் திருப்பம், திடீர் முடுக்கம், திடீர் பிரேக் ஆகிய மூன்றையும் தவிர்க்க வேண்டும். ஆழம் தெரியாத நீரில் இறங்கவே கூடாது. ஓடையைக் கடக்க நேர்ந்தால், முதலில் நடந்து சென்று ஆழத்தையும் அடிநிலத்தையும் அறிந்துகொள்ள வேண்டும்.

விழுதலும் எழுதலும்

விழுவது உறுதி என்று தெரிந்தபின் வண்டியைக் காப்பாற்ற முயலக் கூடாது. கைப்பிடியை விட்டுவிட்டு வண்டியிலிருந்து விலகுவதே பாதுகாப்பு. கையை நீட்டி ஊன்ற முனைந்தால் மணிக்கட்டோ காறை எலும்போ முறியக்கூடும். கைகளை உடலோடு ஒடுக்கி, தாடையை மார்போடு சேர்த்து உருள்வது நல்லது.

எழுந்ததும் முதலில் பின்னால் வரும் வண்டிகளைப் பார்க்க வேண்டும். இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தால் அதை நிறுத்த வேண்டும். வண்டியைத் தூக்கும்போது முதுகை வளைக்காமல், முழங்காலை மடக்கிக் கால்களின் வலிமையால் தூக்க வேண்டும். புகைக்குழாய் கடுமையாகச் சூடேறியிருக்கும். அதில் கை, கால் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். தலையில் அடிபட்ட பின் தலைவலி, வாந்தி, மயக்கம், குழப்பம் ஆகியவற்றில் ஏதேனும் தோன்றினால் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். “எனக்கு ஒன்றுமில்லை” என்று சொல்லிவிட்டு மீண்டும் வண்டியில் ஏறுவது வீரமன்று.

சேற்று நீரில் மற்றோர் ஆபத்தும் மறைந்துள்ளது. எலிகளின் சிறுநீர் கலந்த நீரின் வழியாக லெப்டோஸ்பைரோசிஸ் என்னும் நோய் பரவுகிறது. தோலில் உள்ள சிறு கீறல் வழியாகவும் அதன் கிருமிகள் உடலுக்குள் நுழையும். காயங்களை மூடிக்கொண்டு ஓட்டுவதும், ஓட்டம் முடிந்ததும் சோப்பிட்டுக் குளிப்பதும் அவசியம். அடுத்த சில வாரங்களுக்குள் காய்ச்சலும் தசைவலியும் ஏற்பட்டால், சேற்று நீரில் இறங்கியதை மருத்துவரிடம் மறவாமல் தெரிவிக்க வேண்டும்.

ஓட்டம் முடிந்த பின்

தடத்தை விட்டு வெளியேறுவதோடு வேலை முடிந்துவிடாது. வண்டியில் ஒட்டிய சேற்றை அன்றே கழுவ வேண்டும். காய்ந்த சேறு பாகங்களைத் துருப்பிடிக்கச் செய்யும். பீய்ச்சியடிக்கும் நீரைச் சக்கர அச்சின்மீதும் காற்றுத் துளையின்மீதும் நேராகச் செலுத்தக் கூடாது. சங்கிலியைத் துடைத்து எண்ணெய் இட வேண்டும்.

காற்று வடிகட்டியைத் தூய்மை செய்வது பராமரிப்பில் தலையாயது. மண்தட வண்டியின் வடிகட்டி பெரும்பாலும் எண்ணெயில் நனைத்த நுரைப்பஞ்சால் ஆனது. அது அடைபட்டால் இயந்திரம் மூச்சுத் திணறும். கிழிந்தால் மண்துகள் உள்ளே புகுந்து, உருளையையும் பிஸ்டனையும் அரித்துத் தேய்த்துவிடும். சில ரிங்கிட் செலவில் கழுவி எண்ணெயிட வேண்டிய ஒரு பஞ்சை அலட்சியப்படுத்தினால் முழு இயந்திரத்தையும் பழுதுபார்க்க நேரிடும். வண்டியைத் தம் கையாலேயே பராமரிப்பவர்களுக்கு அதன் ஒலியில் ஏற்படும் சிறு மாற்றமும் புரியும்.

நிலத்தையும் மறந்துவிடக் கூடாது. ஈரமான சரிவுகளில் சக்கரம் கிளறிய தடங்கள் வழியே மழைநீர் ஓடி மண்ணை அரிக்கும். அம்மண் ஓடைகளில் கலந்து நீரைக் கலக்கும். ஒதுக்கப்பட்ட பாதையை விட்டு விலகாமல் ஓட்டுவதும், குடியிருப்புகளை நெருங்கும்போது வேகத்தையும் ஓசையையும் குறைப்பதும், கொண்டுவந்த குப்பையைத் திரும்ப எடுத்துச் செல்வதும் ஒவ்வோர் ஓட்டுநரின் கடமை. சிலரின் பொறுப்பின்மையால் ஒரு தடம் மூடப்பட்டால் எல்லாரும் அதை இழப்பர்.

நிதானமே தேர்ச்சி

மண்தட ஓட்டத்தின் பாடங்கள் அந்தத் தடத்தோடு நின்றுவிடுவதில்லை. மண்ணில் பிரேக்கை மென்மையாகப் பிடிக்கப் பழகியவர், மழையில் நனைந்த தார்ச்சாலையிலும் பதற்றமின்றி வண்டியை நிறுத்துவார். தொலைவைப் பார்த்து ஓட்டப் பழகியவர், சந்திப்பில் திரும்பவிருக்கும் காரை முன்கூட்டியே கவனிப்பார். விழுந்தால் எப்படி இருக்கும் என்பதை உணர்ந்தவர், கவசமின்றி வண்டியில் ஏறத் தயங்குவார். தடத்தில் கற்ற நிதானம் சாலையில் உயிர்காக்கும் பழக்கமாகிறது.

இவ்விளையாட்டில் ஈடுபட விரும்பும் இளையோர், பெற்றோரிடம் மனம் திறந்து பேசி, தகுதியுள்ள பயிற்றுநரை நாடி, உடலுக்கேற்ற சிறிய வண்டியோடு முறைப்படி தொடங்க வேண்டும். முதல் மாதத்தில் எவரையும் முந்த வேண்டியதில்லை. நேற்று கால் ஊன்றிய வளைவை இன்று ஊன்றாமல் கடந்தால் அதுவே வெற்றி. மெதுவாக ஓட்டவும் உரிய இடத்தில் நிறுத்தவும் தெரிந்தவரிடம் வேகம் பின்னர் தானாகவே வந்து சேரும். அவர் பாதுகாப்பாக வீடு திரும்பவும் அத்தேர்ச்சியே துணைநிற்கும்.